கிட்டாரில் கீச், உய்ங், கிர்ர்: வேண்டாத கம்பிச் சத்தத்தை அடக்குவது எப்படி?

கிட்டார் பழக ஆரம்பித்து ஏழெட்டு மாதம் ஆகியிருக்கும். கார்டுகள், அதாவது பல ஸ்வரம் சேர்ந்து ஒலிக்கும் விரல்பிடிகள், தடுமாறாமல் மாறுகின்றன. சரி, ஒரு பாட்டைப் பதிவு செய்துதான் பார்ப்போமே என்று போனை எதிரில் சாய்த்து வைத்து வாசிக்கிறீர்கள். போட்டுக் கேட்டால், பாட்டை முந்திக்கொண்டு கீச்சு கீச்சென்று ஒரு சத்தம் வந்து நிற்கிறது. வாசிக்கும்போது இது கேட்கவே இல்லையே என்று தோன்றும். கேட்டதுதான், மனசு அடுத்த கார்டைத் தேடிக்கொண்டிருந்தது.

நான் வீட்டில் முதன்முதலாகப் பதிவு செய்தது ஒரு நண்பனின் குறும்படத்துக்கு. ஒன்றரை நிமிடம்தான். அதிலிருந்த கீச்சுகளைக் கணினியில் ஒவ்வொன்றாக வெட்டியெடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் போனது. வெட்டி முடித்துக் கேட்டால் பல் விழுந்த வாய்போல அங்கங்கே ஓட்டை. மறுநாள் அதையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, கார்டு மாற்றும் விதத்தை மட்டும் சரிசெய்து திரும்ப வாசித்தேன். நாலாவது டேக் அப்படியே படத்தில் போனது. அதனால் இங்கே கை முதலில் வரும். கம்பியும் மைக்கும் அப்புறம், சாஃப்ட்வேர் கடைசியில்.

எந்தச் சத்தம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

போனில் ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். நன்றாகப் பழகிய, நாலைந்து கார்டு உள்ள பாட்டாக இருக்கட்டும். பிறகு கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு இயர்போனில் கேளுங்கள். உறுத்துகிற இடத்தில் எல்லாம் நிறுத்தி, எத்தனையாவது வினாடி, எந்தக் கார்டிலிருந்து எந்தக் கார்டுக்கு என்று ஒரு தாளில் குறியுங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் பத்து இடம் குறித்ததும், ஒரே மாற்றம் திரும்பத் திரும்ப வருவது கண்ணில் படும். பாட்டு முழுவதையும் திருத்த வேண்டியதில்லை, அந்த ஒரு மாற்றத்தைத் திருத்தினால் பெரும்பாதி தீர்ந்துவிடும்.

கார்டு மாறும் நொடியில் மட்டும் வந்து போவது கீச். இடது கை விரல் கம்பியில் உரசுவதால் வருகிறது. நீங்கள் மீட்டாத கம்பி பின்னால் தானாக ஒலித்துக்கொண்டிருந்தால் அது உய்ங். மீட்டிய ஸ்வரமே கரகரத்தால் கிர்ர். கம்பி எங்கோ ஒரு ஃப்ரெட்டில், அதாவது கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டையில், இடிக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் ம்ம்ம் என்று இரைந்தால் அது கம்பியின் வேலை இல்லை, கரண்டின் வேலை.

கிட்டாருக்குச் சம்பந்தமே இல்லாத சத்தங்களும் உண்டு. ஏதோ ஒரு ஃப்ரெட் எழும்பிவிட்டது என்று நினைத்து ஒரு வாரம் தேடிக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால் சட்டையின் இரண்டாவது பட்டன் கிட்டாரின் முதுகில் பட்டு அதிர்ந்துகொண்டிருந்தது. கம்பியை முறுக்கும் டியூனரில் தளர்ந்துபோன திருகு, வெட்டாமல் விட்ட கம்பி நுனி, கைக்கடிகாரம், நாற்காலி என்று எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இனிமேல் கம்பிகளை எண்ணால்தான் சொல்வேன். மிக மெல்லியது 1, மிகத் தடித்தது 6. மடியில் வைத்தால் 6வது மேலே இருக்கும், ஒலியில் அதுதான் கீழே. ‘மேல் கம்பி’ என்று யாராவது சொன்னால் எந்த மேல் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கீச் எங்கிருந்து வருகிறது?

சாதாரண அக்கூஸ்டிக் கிட்டாரில் 1, 2வது கம்பிகள் வழவழப்பான வெறும் எஃகு. 3 முதல் 6 வரை உள்ளவற்றில் எஃகுக் கம்பியின் மேல் மெல்லிய வெண்கலக் கம்பியை நெருக்கமாகச் சுற்றியிருப்பார்கள். நைலான் கிட்டாரில் 4, 5, 6 மட்டும் சுற்றியவை. 6வது கம்பியை நகத்தால் நீளவாக்கில் இழுத்துப் பாருங்கள், அரத்தைத் தேய்த்த மாதிரி சத்தம் வரும். விரலின் தோலும் அதே மேடுபள்ளத்தில்தான் ஓடுகிறது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டால் விஷயம் தெளிவாகும். கடையில் ‘பன்னிரண்டு’ என்று கேட்டு வாங்கும் செட்டில் 6வது கம்பியின் மேல்சுற்று அரை மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைந்த தடிமன். அதாவது ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் இரண்டுக்கும் மேற்பட்ட மேடுகள். ஆள்காட்டி விரலைக் குறுக்கே படுக்கவைத்து எல்லாக் கம்பியையும் அழுத்துவது பார் கார்டு. எஃப் பார் கார்டிலிருந்து ஜி பார் கார்டுக்குப் போக, 1வது ஃப்ரெட்டிலிருந்து 3வது ஃப்ரெட் வரை, கை கிட்டத்தட்ட 67 மில்லிமீட்டர் நகர வேண்டும். அதைப் பத்தில் ஒரு வினாடியில் கடந்தால் விரல் ஏறக்குறைய 150 மேடுகள் மேல் ஏறி இறங்கிவிடுகிறது. வினாடிக்கு 1500 என்ற கணக்கு. அதாவது சுமார் 1500 ஹெர்ட்ஸ் சத்தம். 4வது கம்பியில் சுற்று இன்னும் நெருக்கம் என்பதால் அதே அசைவு 3000 ஹெர்ட்ஸ் பக்கம் போகும். நம் காது மிகக் கூர்மையாகக் கேட்பது 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரை. ஒலி சின்னதாக இருந்தும் கீச் அவ்வளவு உறுத்துவதற்கு இதுதான் காரணம்.

கை வேகம் கூடினால் கீச்சின் சுருதி ஏறும், குறைந்தால் இறங்கும். ‘மெதுவாக நகர்த்து, சத்தம் வராது’ என்ற அறிவுரை அதனால்தான் பாதி பலிக்கிறது, பாதி பலிப்பதில்லை. வேகத்தைக் குறைத்தாலும் விரல் கம்பியைத் தொட்டுக்கொண்டே போனால் கீச் போகாது, வேறு சுருதிக்கு மாறும், அவ்வளவுதான்.

தளர்த்து, தூக்கு, நகர், இறக்கு

புதிதாகப் பழகுகிறவர்கள் பிடியை விடுவதையும் கையை நகர்த்துவதையும் ஒரே அசைவாகச் செய்வார்கள். பிடி முழுசாக விடுபடும் முன்பே கை கிளம்பிவிடுகிறது. விரல் கம்பியில் இழுபடுகிறது. இந்த ஒரே அசைவை நாலாக உடைத்துப் பழக வேண்டும். தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வையுங்கள்.

1. எஃப் பார் கார்டைப் பிடித்து ஒரு ஸ்ட்ரம், அதாவது எல்லாக் கம்பியையும் சேர்த்து ஒரு வீச்சு. நாலு வரை எண்ணும்வரை ஒலிக்கட்டும்.

2. ஐந்தில் அழுத்தத்தை மட்டும் விடுங்கள். விரல்கள் கம்பியைத் தொட்டபடியே இருக்கும், கம்பி மட்டும் ஃப்ரெட்டை விட்டு எழும்பும். ஒலி டப்பென்று அடங்கும்.

3. ஆறில் விரல்களை நேர்மேலே எடுங்கள். ஓர் அரிசிமணி உயரம் போதும். சாய்வாகக் கிளம்பக் கூடாது.

4. ஏழில் கை காற்றிலேயே 3வது ஃப்ரெட்டுக்கு நகர வேண்டும். எட்டில் இறக்கி அழுத்துங்கள்.

இரண்டாவது படியைத் தாண்டிவிட ஆசை வரும். தாண்டினால் என்ன ஆகும் என்றும் ஒருமுறை செய்து பாருங்கள். முழு அழுத்தத்தில் இருக்கும் விரலைச் சட்டென்று எடுத்தால் அது கம்பியைச் சுண்டிவிட்டுத்தான் வரும். கீச் போய் டொய்ங் வந்து சேரும். தொட்டபடி அடக்கிவிட்டுத் தூக்கினால் இரண்டும் இருக்காது.

60இல் சத்தமே வராமல் பத்து முறை தொடர்ந்து செய்ய முடிந்த பிறகு நாலு அசைவையும் இரண்டு எண்ணிக்கைக்குள் கொண்டுவாருங்கள், அப்புறம் ஒன்றுக்குள். தினமும் பத்து நிமிடம் போதும். அதற்குமேல் போனால் பார் கார்டில் கட்டை விரல் வலிக்க ஆரம்பித்து, பிடி மறுபடி இறுகிவிடும்.

‘பாட்டின் வேகத்தில் இதற்கெல்லாம் நேரம் ஏது?’ என்று கேட்பீர்கள். நேரத்தைத் திருட ஓர் இடம் இருக்கிறது. ஒவ்வொரு தாளச் சுற்றின் கடைசி அரைத் தட்டில், வலது கை மேல்நோக்கி ஸ்ட்ரம் செய்யும்போது, இடது கை ஏற்கெனவே காற்றில் இருக்கலாம். அந்த ஒரு ஸ்ட்ரம் பிடிக்காத வெறும் கம்பிகளில் விழும். கேட்கிறவருக்கு அது தவறாகவே தெரியாது. தாளம் ஓடிக்கொண்டிருப்பதைத்தான் காது பிடித்துக்கொள்கிறது. தேர்ந்தவர்கள் வாசிப்பதை அரை வேகத்தில் போட்டுக் கேட்டால் இந்தத் திருட்டு எல்லாரிடமும் இருப்பது தெரியும். விரலால் மீட்டி வாசிக்கும்போது, கை நகரும் நேரத்தில் 1வது கம்பியையோ 5வது கம்பியையோ திறந்தபடி ஒலிக்க விட்டு இடைவெளியை மூடலாம். கார்டுக்கு ஒத்துவருமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியர்கள் ஒரு விரலைக் கம்பியிலேயே வழிகாட்டியாக வைத்துக்கொண்டு நகரச் சொல்வார்கள். நல்ல யோசனைதான், ஆனால் வழவழப்பான கம்பியில் மட்டும். டி கார்டிலிருந்து ஏ கார்டுக்கு வரும்போது மோதிர விரலை 2வது கம்பியிலேயே 3வது ஃப்ரெட்டிலிருந்து 2வது ஃப்ரெட்டுக்கு வழுக்க விடலாம், சத்தமே கேட்காது. இதையே 5வது கம்பியில் செய்தால் ஊருக்கே கேட்கும். சுற்றிய கம்பியில் வழுக்கித்தான் ஆக வேண்டும் என்றால், விரலைச் சற்று நிமிர்த்தி, காய்ப்பு ஏறிய நுனிக்குப் பதிலாக மெத்தென்ற சதைப் பகுதி படும்படி நகருங்கள்.

உய்ங்: மீட்டாத கம்பியை அடக்குவது

1வது கம்பியை மட்டும் பலமாக மீட்டி, ஒரு வினாடியில் அதை விரலால் அடக்குங்கள். கிட்டார் அமைதியாகாது. 6வது கம்பியைத் தொட்டால் சத்தம் நன்றாகக் குறையும். 1வது கம்பி 329.6 ஹெர்ட்ஸ், 6வது 82.4, சரியாக நாலு மடங்கு. மெல்லிய கம்பி அதிரும்போது தடித்த கம்பி தன் நாலாவது மேல்சுரத்தில் சேர்ந்து அதிர்கிறது.

கார்டு வாசிக்கும்போது இது தொல்லையே இல்லை, கிட்டாரின் இனிமையில் பாதி இதுதான். ஒற்றை ஸ்வரமாக மெலடி வாசிக்கும்போதும், எலக்ட்ரிக்கில் ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் போட்டு வாசிக்கும்போதும்தான் சேறு கலக்கியது போல ஆகிவிடும்.

இதற்கு இரண்டு கையும் வேலை செய்ய வேண்டும். 3வது கம்பியில் ஒரு ஸ்வரம் வாசிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆள்காட்டி விரலின் நுனி பக்கத்து 4வது கம்பியை லேசாக இடித்துக்கொண்டிருக்கட்டும். அதே விரலின் அடிப்பகுதி 2, 1வது கம்பிகள் மேல் அழுத்தாமல் படிந்திருக்கட்டும். 5, 6வது கம்பிகளை வலது உள்ளங்கையின் ஓரம் பார்த்துக்கொள்ளும். சரியாக அமைந்ததா என்று பார்க்க ஆறு கம்பியையும் சேர்த்து ஸ்ட்ரம் செய்யுங்கள். ஒரே ஒரு ஸ்வரம் ஒலிக்க வேண்டும், மற்ற ஐந்தும் டக் என்று செத்துப்போக வேண்டும். முதல் நாள் யாருக்கும் வராது. எனக்கு ஒரு மாதம் ஆனது, அதுவும் 4வது கம்பியில் வாசிக்கும்போது 3வது கம்பி தப்பித்துக்கொண்டே இருந்தது.

பதிவு நேரத்தில் திறந்த கம்பியே வராத பகுதி என்றால், கூந்தலுக்குப் போடும் துணி ரப்பர் பேண்ட் ஒன்றை நட்டை (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் தாங்கி நிற்கும் துண்டு) ஒட்டிக் கழுத்தில் மாட்டிவிடலாம். எலக்ட்ரிக்கில் நட்டுக்கும் டியூனருக்கும் நடுவே உள்ள கம்பித் துண்டும், சுருதியை ஆட்டும் ட்ரெமலோ கைப்பிடி இருந்தால் முதுகுப் பக்க ஸ்பிரிங்குகளும் தனியாக ரீங்கரிக்கும். அங்கே ஒரு துண்டு ஸ்பாஞ்சைச் செருகினால் அடங்கிவிடும்.

கிர்ர், ம்ம்ம்

கிர்ர் என்றால் முதலில் விரல் நிற்கும் இடத்தைப் பாருங்கள். ஃப்ரெட் கம்பிக்கு மிக அருகில், அதன் பின்னால் அழுத்த வேண்டும். அப்படியும் போகவில்லை என்றால் கழுத்தின் வளைவைப் பாருங்கள். 6வது கம்பியை 1வது ஃப்ரெட்டிலும் 14வது ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்து, 7வது ஃப்ரெட் பக்கம் எட்டிப் பார்த்தால் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு, சுமார் கால் மில்லிமீட்டர், இடைவெளி இருக்க வேண்டும். துளிகூட இல்லை என்றால் கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியான ட்ரஸ் ராடைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். ஒரு தடவைக்குக் கால் திருப்புக்கு மேல் வேண்டாம். திருகு அடம்பிடித்தால் விட்டுவிட்டுக் கடைக்குக் கொண்டுபோங்கள். நாள் முழுக்க ஏசி ஓடும் அறையில் கிட்டார் வெளியிலேயே இருந்தால் மரம் காய்ந்து கம்பி தாழ்ந்து, நேற்று வரை இல்லாத கிர்ர் இன்று வரும். வாசிக்காத நேரத்தில் பெட்டிக்குள் வையுங்கள்.

ம்ம்ம் எலக்ட்ரிக் கிட்டார் வைத்திருப்பவர்களுக்கு. கம்பியின் அதிர்வை மின்சாரமாக்குவது பிக்கப். அதில் ஒற்றைச் சுருள் உள்ள சிங்கிள் காயில் வகை, அக்கம்பக்கத்து மின்காந்த அலையையும் சேர்த்துப் பிடிக்கும். கம்பியைத் தொட்டால் இரைச்சல் குறைவது இயல்பே. கணினித் திரையை விட்டு விலகி, உடம்பைக் கொஞ்சம் திருப்பி உட்கார்ந்து, லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். மிஞ்சியதை ஈக்யூவில் (குறிப்பிட்ட அலைவரிசையைக் கூட்டிக் குறைக்கும் கருவி) வெட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள்: அமெரிக்க வீடியோக்களில் 60 ஹெர்ட்ஸில் வெட்டச் சொல்வார்கள். இந்தியாவிலும் இலங்கையிலும் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். இங்கே 50, 100, 150 என்றுதான் தேட வேண்டும்.

கம்பியும் விரலும்

புதுக் கம்பிதான் அதிகம் கீச்சிடும். பதிவுக்கு முந்தைய நாள் மாலையே மாட்டி, ஒரு மணி நேரம் வாசித்து வைத்தால் பளபளப்பு இருக்கும், கூச்சல் கொஞ்சம் தணிந்திருக்கும். எலிக்ஸிர் 1997இல் கொண்டுவந்த பூச்சுக் கம்பிகளும், அதன் பிறகு மற்ற நிறுவனங்கள் கொண்டுவந்தவையும் சுற்றின் மேல் மெல்லிய உறை போட்டவை. விரல் வழுக்கிப் போகும், கீச் தெளிவாகக் குறையும். விலை அதிகம்தான், ஆனால் வியர்வைக் கைக்காரர்களுக்கு நீண்ட நாள் வரும் என்பதால் கணக்கு சரியாகிவிடும். உருண்டைக் கம்பிக்குப் பதில் தட்டையான நாடாவைச் சுற்றிய ஃப்ளாட்வவுண்ட் கம்பியில் கீச் கிட்டத்தட்ட இருக்காது. ஜாஸ் வாசிப்பவர்களுக்கு அது பிடிக்கும். சினிமாப் பாட்டுக்கு ஸ்ட்ரம் செய்ய அதை மாட்டினால் போர்வைக்குள்ளிருந்து வாசிப்பது போலிருக்கும். நான் அதை வாங்கச் சொல்ல மாட்டேன். நைலான் கிட்டாருக்குச் சுற்றைத் தேய்த்து மெருகேற்றிய பேஸ் கம்பிகள் தனியாகக் கிடைக்கின்றன.

விரல் நுனியில் காய்ப்பு சொரசொரப்பாக உரிந்திருந்தால் நகம் தேய்க்கும் மெல்லிய அரத்தால் சமன்செய்யுங்கள். வெட்டாதீர்கள். வீணை வாசிப்பவர்கள் இடது கை விரலில் எண்ணெய் தொட்டுக்கொள்வதைப் பார்த்து நானும் தேங்காய் எண்ணெய் தொட்டு வாசித்தேன். கீச் போனது உண்மை. ஆனால் எண்ணெய் சுற்றுகளுக்கு நடுவே இறங்கி, இரண்டே நாளில் புதுக் கம்பி பழங்கம்பி மாதிரி மங்கிப்போனது. எண்ணெய் தொட்டாலும் துடைத்துவிட்டு வாசியுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

மைக்கை எங்கே வைப்பது?

முதலில் ஃபேனை நிறுத்துங்கள். அப்புறம் மைக்கை 12வது ஃப்ரெட்டுக்கு நேரே, ஒரு சாண் அல்லது அதற்குச் சற்று அதிகமான தூரத்தில் வைத்து ஆரம்பியுங்கள். வழக்கமான இடம் அதுதான். கீச் அதிகம் கேட்டால் மைக்கின் மூக்கைக் கழுத்திலிருந்து உடல் பக்கம் திருப்புங்கள், கம்பிகள் உடலில் முடியும் பிரிட்ஜைப் பார்க்கட்டும். நடுத் துளைக்கு நேராக மட்டும் வைக்காதீர்கள், அடித்தொண்டைச் சத்தம் கும்மென்று ஏறும். ஐந்து சென்டிமீட்டர் நகர்த்துவதும் அதே துண்டை மறுபடி வாசித்துக் கேட்பதுமாக ஒரு கால் மணி நேரம் செலவிடுங்கள். போனில் பதிவு செய்தாலும் இதேதான்: போன் இடது கை அருகே இருக்கக் கூடாது.

காதில் மெட்ரோனோம் க்ளிக்கோடு குறைந்தது மூன்று டேக் எடுங்கள். ஒன்றில் கீச்சிட்ட இடத்துக்கு இன்னொன்றிலிருந்து அந்த ஒரு தாளச் சுற்றை எடுத்து ஒட்டலாம். எந்த ப்ளக்-இன்னும் இவ்வளவு சுத்தமாகச் செய்யாது.

கடைசியாக, சாஃப்ட்வேர்

புதியவர்கள் உடனே தேடிப் போவது நாய்ஸ் ரிடக்‌ஷன். அது ஃபேன், ஏசி போல ஒரே சீராக இரையும் சத்தத்துக்கானது. வந்து மறையும் கீச்சை அது தொடாது, நல்ல ஒலியைத்தான் கெடுக்கும்.

இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டியில் ட்ராக்கை, ஒலியைச் சுருதிவாரியாகப் படம் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் காட்சிக்கு மாற்றுங்கள். ஸ்வரங்கள் படுக்கைக் கோடுகளாகத் தெரியும். கீச் மட்டும் பூனை பிறாண்டியது போலச் சாய்ந்து ஏறி இறங்கும் கீறலாகத் தெரியும். கை வேகம் பிடித்து அடங்குவதை அப்படியே படமாகப் பார்க்கலாம். அந்தக் கீறலைச் சுற்றி மட்டும் கட்டம் போட்டு, 6 முதல் 10 டெசிபல் குறையுங்கள். முழுசாக அழிக்காதீர்கள். என் குறும்பட ஓட்டைகள் அப்படித்தான் வந்தன. காசு செலவழிக்கத் தயார் என்றால், ஒலியைச் சீர்செய்யும் மென்பொருளான ஐசோடோப் ஆர்எக்ஸில் 2020இல் வந்த 8வது பதிப்பிலிருந்து கிட்டார் கீச்சுக்கென்றே ஒரு கருவி உண்டு. பாதி அளவுக்கு மேல் திருகினால் கம்பியை மீட்டும் பிக்கின் கூர்மையும் சேர்ந்து மழுங்கிவிடும்.

இதையெல்லாம் கம்ப்ரஸர் போடும் முன்பே முடித்துவிடுங்கள். கம்ப்ரஸர் பெரிய ஒலியை அமுக்கி மொத்தத்தையும் உயர்த்துவதால், ஸ்வரங்களுக்கு நடுவே பதுங்கியிருந்த கீச் மேலே ஏறி வந்துவிடும். பளபளப்புக்காக ட்ரெபிளைக் கூட்டினாலும் அதே கதை.

எவ்வளவு விடலாம்? குரல், தாளம் எல்லாவற்றையும் சேர்த்து ஓடவிட்டுக் கேளுங்கள். தேடினால்தான் கேட்கிறது என்றால் விட்டுவிடுங்கள். எலக்ட்ரானிக் கீபோர்டுகளில் எந்த எண்ணுக்கு எந்த ஒலி என்று 1991இல் பொதுவாக வகுத்த ஜெனரல் மிடி பட்டியலின் 128 ஒலிகளில் 121வது எது தெரியுமா? கிட்டார் ஃப்ரெட் சத்தம்! நாம் துரத்துவதை அவர்கள் தேடி எடுத்து வைத்திருக்கிறார்கள்.

இன்னும் ஒரே ஓர் இடம் பாக்கி: கடைசிக் கார்டு. நல்ல டேக்குகள் நிறைய அங்கேதான் கெட்டுப்போகின்றன. ஒலி தேயும் முன்பே கையை எடுப்போம், கம்பி கீச்சிடும். அல்லது ‘அப்பாடா’ என்று நாற்காலியில் சாய்வோம். கடைசி ஸ்ட்ரம் முடிந்ததும் இரண்டு கையையும் அப்படியே வைத்திருங்கள். ஒலி முழுசாகத் தேயட்டும். பிறகு வலது உள்ளங்கையைக் கம்பிகள் மேல் மெல்ல இறக்குங்கள், இடது கை தளரட்டும், ஆனால் நகர வேண்டாம். மூச்சைப் பிடித்து மனசுக்குள் ஐந்து எண்ணுங்கள். அதற்கு அப்புறம் மவுஸைத் தொடலாம்.